ஆக்டோபஸா, கஞ்சரா?

தட், தட், தடத்-தட். தட், தட், தடத்…

கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளின் கை தானாக நின்றது. இப்போது ஓர் இடைவெளி வரும். மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விட மறந்துபோகும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதற்கப்புறம்தான் கடைசி அடி விழும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே சத்தம், இதே இடைவெளி, இதே இடத்தில் அவள் கை நிற்கும். ஏன் நிற்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. கையைக் கேட்டால் அதுவும் தெரியாது என்றுதான் சொல்லும்.

தட்!

விழுந்தது. கை மறுபடி தேய்க்கத் தொடங்கியது. ஆனால் மனம் மட்டும் வேலையில் ஓடவில்லை. ஏனென்றால் இன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவர் தோற்கப்போகிறார். தோற்பதாக அவளிடம் சத்தியம் செய்திருக்கிறார். அவர் தோற்றால்தான் அவள் புருஷன் பிழைப்பான்!

அன்புள்ள வாசகரே, பாதிக் கதையில் உங்களைப் பிடித்திழுத்து வந்து நிறுத்தியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் தராசுப் பேர்வழி என்று ஒரு மனித வகை உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கூடத்துக்குள் உங்களை அழைத்துப் போவது பாவம்.

தராசுப் பேர்வழிக்கு எதையும் தனியாக ரசிக்கத் தெரியாது. ஒன்றைக் காட்டினால் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்ல மாட்டார். 'அதைவிட நன்றாக இருக்கிறது' என்பார். எது அது? நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். கண்ணுக்குத் தெரியாத ஒரு தராசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பிறந்தவர் அவர். எங்கே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அதை எடுத்து விரித்து, இவரை இந்தத் தட்டில் வைத்து, அவரை அந்தத் தட்டில் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்புக்காக அடுத்த வீட்டுக்காரரோடு பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டால்தான் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரும். சிலர் டாக்டர்களை நிறுப்பார்கள். சிலர் பஸ் டிரைவர்களை. சிலர் பெற்ற பிள்ளைகளையே நிறுப்பார்கள். ஆனால் இந்த இனத்தின் சிகரம் எது தெரியுமா? டிரம்மர்களை நிறுப்பவர்கள். அதிலும் புரோகிரசிவ் ராக் டிரம்மர்களை நிறுப்பவர்கள்.

அது என்ன இசை என்கிறீர்களா? பயப்படாதீர்கள், சுலபம்தான். பாட்டு தொடங்கும்போது ஊற்றிய காபி, பாட்டு முடியும்போது ஆறி, ஏடு படிந்து, ஈயும் வந்து போயிருக்கும். ஒரு பாட்டுக்குள்ளே நாலைந்து பாட்டு குடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தாளக் கணக்கு. நாலு எண்ணினால் சரியாக வராது. ஐந்து எண்ணினால் மிஞ்சும். தலையாட்டலாம் என்று பார்த்தால் தலை ஒரு பக்கம் போகும்போது தாளம் இன்னொரு பக்கம் போயிருக்கும். இத்தனையையும் கட்டி மேய்ப்பவர் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்மர். அவர்களில் யார் கெட்டிக்காரர்? இதுதான் கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அதனால்தான் சண்டை இவ்வளவு பலமாக நடக்கிறது!

நம் கதாநாயகரை அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் 'ஏழரை' என்று கூப்பிடுவார்கள். ஏழரை எண்ணிக்கையில் ஒரு பாட்டு இருக்கிறது என்று கண் பரிசோதனைக்கு வந்தவரிடமெல்லாம் சொல்வார். கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து எங்கே ஓடுவது? பேர் வைத்தவர்கள் மனதில் வேறு ஏழரை இருந்தது. அவரோ தாளத்துக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போனார்.

அவருடைய தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. நாள் முழுக்க, இருட்டறையில், எதிரே உட்கார்ந்திருப்பவர் கண் முன்னால் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா? இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் சோறு. "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும். அப்படியும் ஒரு மனுஷ ஜன்மம் இருக்குமா?

எதிர்க்கட்சி, லிஃப்ட்காரர். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இந்த வீட்டுக்கு வரும்போது மட்டும் படியேறித்தான் வருவார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்பார். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே கேசட்டை மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கேதான் விதி விளையாடியது! ஒரு பக்கத்தைக் கேட்டவர் ஆக்டோபஸுக்கு அடிமையானார். மறுபக்கத்தைக் கேட்டவர் கஞ்சருக்கு ஆட்பட்டார்.

ஆக்டோபஸ், கஞ்சர் என்பதெல்லாம் ரசிகர்கள் வைத்த பட்டப் பெயர்கள். ஆக்டோபஸுக்கு இரண்டே கைதான். கேட்டால் எட்டு என்று தோன்றும். சுற்றி வைத்திருக்கும் டிரம்ஸ் ஒரு சிறு குடும்பமே குடியிருக்கும் அளவு. இண்டு இடுக்கு விடாமல் அடித்து நிரப்புவார். கஞ்சரோ அதற்கு நேர் எதிர். ஓர் அடி அடிப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர்களைக் கலந்து ஆலோசிப்பவர் போல யோசிப்பார். கடைசி அடிக்கு முன்னால் அவர் விடும் இடைவெளிக்காகவே உயிரை விடத் தயாராக ஒரு கூட்டம் இருக்கிறது. உயிர் கொடுப்பவர்களில் லிஃப்ட்காரர் முதல் வரிசை.

இவர்கள் இருவரும் டிரம்ஸ் வாசிப்பார்களா? நல்ல கேள்வி. ஒருமுறை இசைக்கருவிக் கடையில், "வாசிச்சுப் பாருங்க சார்" என்று பணிப்பெண் குச்சிகளை நீட்டினாள். பாம்பைக் கண்டது போல இரண்டு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வாசிப்பவனுக்கு அபிப்பிராயம் சொல்ல நேரம் ஏது?

ஆனால் சண்டைக்கு முறை உண்டு. ஏழரை சோபாவின் இடது கைப்பிடியில் உட்காருவார். அவர் ஆக்டோபஸாக மாறி மாறித் தட்டியதில் அந்தக் கைப்பிடியில் துணி கிழிந்து பஞ்சு தெரியும். லிஃப்ட்காரர் நாற்காலியில், மேஜைக்கு முன்னால். அவருக்கு விரல் முட்டிகள், ஒரு டம்ளர், போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசலாம், கத்தலாம், எழுந்து நின்று சுவரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லக் கூடாது: 'ரெண்டு பேருமே அவங்கவங்க வழியில பெரியவங்கதான்.' வீட்டம்மாவின் தம்பி ஒருநாள் வெள்ளை மனதோடு அதைச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு இந்த வீட்டில் ஆறின காபிதான்.

இப்படி நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டில்தான் இடி விழுந்தது. ஏழரைக்கு ரத்தக் கொதிப்பு!

"வீட்ல ஏதாச்சும் டென்ஷன் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்; டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று தெரியும். "டிரம்ஸ்தான் டாக்டர்."

"வாசிப்பாரா? நல்ல பயிற்சியாச்சே."

"வாசிக்க மாட்டார். யார் நல்லா வாசிக்கிறாங்கன்னு கத்துவார். ஞாயிற்றுக்கிழமை பூரா."

"அதை உடனே நிறுத்தணும். வாக்குவாதமே கூடாது." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "யார்னு சொல்றார்?"

"ஆக்டோபஸ்னு."

டாக்டரின் பேனா நின்றது. "ஆக்டோபஸா? கால் வேலை சரிதான். ஆனா இடைவெளி விடத் தெரியாதேம்மா அந்த ஆளுக்கு! கஞ்சரைப் பாருங்க…" என்று ஆரம்பித்தவர், எதிர்ச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று தாமே மாட்டிவைத்த பலகையைப் பார்த்துவிட்டு அடங்கினார். அந்தப் பக்கமிருந்து உதவி வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்தது. லிஃப்ட்காரர் வழக்கம்போல மருந்துக் கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கத்தலுக்குத் திங்கட்கிழமை தொண்டை மாத்திரை. அதில் மாற்றமே கிடையாது. அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணே, உங்க சிநேகிதர் உயிரு உங்க கையிலதான் இருக்கு."

"என்ன தங்கச்சி இப்படிச் சொல்றே! என்ன ஆச்சு?"

"டாக்டர் கைவிரிச்சுட்டார். இனிமே வாக்குவாதமே கூடாதாம். நீங்க ஒரு காரியம் பண்ணணும்."

"கிட்னி வேணுமா? எடுத்துக்க. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

"கிட்னி வேணாம். வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்க தோத்துடணும். ஆக்டோபஸ்தான் பெரியவர்னு ஒத்துக்கணும்."

லிஃப்ட்காரர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போனது. அவர் பின்னால் வரிசையில் நின்ற இருமல்காரர் இருமலை நிறுத்திக்கொண்டு கவனித்தார்.

"தங்கச்சி," என்றார் கடைசியில். "ரெண்டு கிட்னியும் எடுத்துக்கயேன்."

அவள் அழுதாள். அழுத பெண்ணிடம் எந்த அண்ணன் இல்லை என்று சொல்வான்? அந்த வாரம் முழுதும் அவர் ஆளில்லாத லிஃப்ட் பெட்டிகளுக்குள் நின்று, 'ஆக்டோபஸ்தான் பெரியவர்' என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். மூன்றாம் மாடியில் ஒருமுறை கதவு திறந்துவிட்டது. வெளியே நின்ற அம்மாள் அடுத்த லிஃப்ட்டில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

இப்போது வாருங்கள், கூடத்துக்குப் போவோம். அவள் தட்டை வைத்துவிட்டு, ஈரக் கையோடு, சமையலறைக் கதவின் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். நீங்களும் அவள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

கஞ்சரின் கடைசி அடியை டம்ளரில் அடித்து முடித்த லிஃப்ட்காரர், வழக்கம்போல "கேட்டியாடா, அந்த இடைவெளியை!" என்று சொல்லவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"டேய்."

"சொல்லுடா. இன்னைக்கு என்ன புதுப் பொய்?"

"நீ சொன்னதுதான்டா சரி. ஆக்டோபஸ்தான் பெரிய ஆளு."

ஏழரை காதைக் குடைந்துகொண்டார்.

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"கால் வேலையில?"

"கால் வேலையிலயும்."

"இடது கை?"

"அதுவும்தான்."

"அந்தக் கடைசி ஆல்பத்துல வேகமா ஓடிட்டார், பாட்டு பின்னால நொண்டிக்கிட்டு வந்துச்சுன்னு போன வாரம் சொன்னியே?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கசப்பு மருந்து குடிக்கும் குழந்தை அப்படித்தான் மூடிக்கொள்ளும். "அவர் ஓடல. பாட்டுதான் சோம்பேறி."

வென்றுவிட்டார்! ஆயுள் முழுக்கப் போராடிய போரில் ஏழரை வென்றுவிட்டார்! கதவுக்குப் பின்னால் அவள் ஈரக் கையை நெஞ்சில் வைத்துப் பெருமூச்சு விட்டாள். இனி சிரிப்பார், காபி கேட்பார், நிம்மதியாகத் தூங்குவார்.

சிரித்தார். ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. தினமும் சாய்ந்து உட்காரும் சுவர் ஒருநாள் திடீரென்று நகர்ந்துகொண்டால் மனிதன் என்ன செய்வான்? அடுத்து என்ன பேசுவது என்று ஏழரைக்குத் தெரியவில்லை. வானிலையைப் பற்றி ஏதோ சொன்னார். லிஃப்ட்காரர் ஆமாம் என்றார். நாற்காலியைப் பற்றி ஏதோ சொன்னார். அதற்கும் ஆமாம்.

ஏழரை நண்பனை உற்றுப் பார்த்தார். இவன் இப்படி ஆமாம் போடுகிறவன் இல்லையே! ஒரு மனிதன் எப்போது எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வான்? எல்லாவற்றையும் விட்டுப் போகும்போதுதானே!

"டேய்," என்றார். "டாக்டர் என்னடா சொன்னார்?"

லிஃப்ட்காரர் துள்ளி நிமிர்ந்தார். "உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"மறைச்சா தெரியாமப் போயிடுமா? உன் முகத்துலயே எழுதியிருக்கே."

"தங்கச்சி சொல்ல வேணாம்னாடா…"

"அவளுக்கும் தெரியுமா! எனக்குத்தான் கடைசியிலயா?" ஏழரை எழுந்து வந்து நண்பனின் தோளைப் பிடித்தார். "தைரியமா இருடா."

"நீ தைரியமா இருக்கிறதே எனக்கு ஆச்சரியமா இருக்குடா."

"நான் எப்படியோ இருந்துக்குவேன். உனக்கு ஒண்ணுன்னா…"

"எனக்கு என்ன, உனக்கு ஒண்ணுன்னாதான்…"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நரை விழுந்த இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவர் மற்றவருக்காக, எதற்கென்று தெரியாமல் விக்கி விக்கி அழுத காட்சியைப் பார்த்தால் கல்லும் கரையும். கதவுக்குப் பின்னால் நின்றவள் கரையவில்லை, பதறினாள். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். புருஷனின் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கி அமுக்கி, முள்ளைப் பார்த்தாள்.

முள் அவள் இதுவரை பார்க்காத இடத்துக்குப் போயிருந்தது. டாக்டர் முதன்முதலில் பார்த்த அன்றைக்குக்கூட அது அங்கே போனதில்லை.

"ஐயோ, நிறுத்துங்க! அண்ணனுக்கு ஒண்ணும் இல்லங்க! உங்களுக்குத்தான் பிரஷர். நீங்க கத்தக் கூடாதுன்னுதான், தோத்துப் போங்கன்னு நான் அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

அழுகை நின்றது. ஏழரை தோளிலிருந்து கையை எடுத்தார். பட்டை கையில் தொங்க, ஓரடி பின்னால் போனார்.

"அப்ப நீ மனசார ஒத்துக்கலையா?"

லிஃப்ட்காரர் தலை குனிந்தார். "உன் உடம்புக்காகடா…"

"மருந்துக்கு ஒத்துக்கிட்டே. மாத்திரை மாதிரி. ஓட்டப்பந்தயத்துல குழந்தைக்கு விட்டுக் குடுப்பாங்களே, அது மாதிரி." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இத்தனை வருஷமா நீ என்னை முட்டாள்னே, காது இல்லாதவன்னே, ரசனை இல்லாத ஜன்மம்னே. ஒருநாளும் மதிக்காமப் பேசினதில்லடா. இன்னைக்குத்தான் மதிக்காமப் பேசிட்டே."

அந்த வார்த்தை லிஃப்ட்காரரின் நெஞ்சில் தைத்தது. அவர் எங்கே போனாலும் கூடவே வரும் லிஃப்ட் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "வர்றேன் தங்கச்சி" என்றார். அதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லை.

வீட்டைக் காப்பாற்ற நினைத்து இரண்டு வீட்டை உடைத்துவிட்டோமே! இந்த மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் மற்ற நாட்கள் எதற்கு? அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாராவது எதையாவது தப்பாகச் சொல்லுங்களேன்!

"நில்லுடா!" என்றார் ஏழரை.

லிஃப்ட்காரர் வாசலுக்கு அருகில் நின்றார். திரும்பவில்லை.

"ஒத்துக்கிறது உனக்கு மட்டும்தான் தெரியுமா? நானும் ஒத்துக்கிறேன். எனக்கு ஆக்டோபஸ் வேணாம். கஞ்சர்தான் பெரிய ஆளு. கணக்கு சரியாப் போச்சு. போ."

"சும்மா சொல்லாதே. உனக்கு அவரைப் பத்தி என்ன தெரியும்?"

"என்னடா தெரியணும்?" ஏழரை விறுவிறுவென்று வந்து நண்பனின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. டம்ளரை முன்னால் இழுத்துக்கொண்டார். நண்பனைப் போலவே முழங்கையை மேஜையில் ஊன்றி, நண்பனைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, நண்பனின் குரலிலேயே பேச ஆரம்பித்தார். "லிஃப்ட் மேல போறது பெரிய விஷயமே இல்லடா. மோட்டார் இருந்தா எதுவும் மேல போகும். தரையும் லிஃப்ட்டும் ஒரே மட்டத்துல, காலுக்கே தெரியாம, தடுக்காம வந்து நிக்குது பாரு, அதுதான் வித்தை. நிக்கத் தெரிஞ்சவன்தான் வாத்தியக்காரன். கஞ்சர் ஒவ்வொரு தடவையும் தரை மட்டத்துல நிக்கிறார். உன் ஆக்டோபஸ் கூரையை உடைச்சுக்கிட்டு மேல போயிட்டே இருக்கார்."

லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். அவர் வாய் திறந்திருந்தது.

"இது… இது நான் எப்பவோ சொன்னதுடா. ஒரே ஒரு தடவை. நீ அப்ப ஜன்னலைப் பார்த்துக்கிட்டு ஆக்டோபஸ் மாதிரி கைப்பிடியைத் தட்டிக்கிட்டு இருந்தே. கேக்கவே இல்லைன்னு நினைச்சேன்."

"தட்டினேன். கேட்டுக்கிட்டும் இருந்தேன். காது வேற, கை வேற."

இத்தனை வருஷமாக, எதிரே இருப்பவன் தன் முறை வருவதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று நினைத்திருந்தார் அந்த மனிதர். ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறானே! லிஃப்ட்காரரின் கருவிப் பை தோளிலிருந்து தானாக வழுக்கித் தரையில் விழுந்தது.

ஏழரை அதைக் கவனிக்கவில்லை. கஞ்சரின் வாசிப்பைச் செய்து காட்டுவதில் மும்முரமாக இருந்தார். தட், தட், தடத்-தட். தட், தட், தடத்… விட்டார் இடைவெளி. விட்டுக்கொண்டே இருந்தார். தட்!

"பிந்திட்டே!" என்று அலறினார் லிஃப்ட்காரர்.

"என்னது?"

"அரை மூச்சு பிந்திட்டேடா பாவி! அது இடைவெளியா, மதியத் தூக்கமா? நாலாவது ஆல்பத்துல அவர் எப்படி விடுறார், நீ எப்படி விடுறே!"

"அஞ்சாவது ஆல்பம்."

"நாலாவதுடா, காதில்லாதவனே! என் ஆளைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"இப்ப அவர் என் ஆளு! நீதானே ஆக்டோபஸ் கட்சிக்குப் போயிட்டே!"

"அப்ப ஆக்டோபஸ் சார்பா சொல்றேன், கேட்டுக்க: உன் கஞ்சருக்குக் கை வலி. அதான் அடிக்கிறதே இல்ல!"

"வாயை அளந்து பேசு!"

"அது அஞ்சாவது ஆல்பம்தான் அண்ணே," என்று ஒரு குரல் கேட்டது. "நாலாவதுல இடைவெளிக்கு முன்னாடி மணி அடிப்பார். அஞ்சாவதுலதான் மணி கிடையாது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது அவள். அவளே யார் பேசியது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறையில் இருந்த காதுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

பேச்சை மாற்றுவதற்காகக் கருவியை எடுத்து மறுபடி புருஷன் கையில் பட்டையைச் சுற்றிப் பந்தை அமுக்கினாள். ஏழரை கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முள்ளோ மெல்ல மெல்ல, நிம்மதியாக, தரை மட்டத்துக்கு இறங்கி வந்து நின்றது. அவள் இன்னொரு தடவை பார்த்தாள். கருவியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அதை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் காபி போட்டாள். மாத்திரையைத் தட்டில் வைத்தாள். நாளை தொண்டை மாத்திரையும் எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டரிடம் என்ன சொல்வது? சொன்னால் அவர் கஞ்சரைப் பற்றி ஆரம்பிப்பார். பார்த்துக்கொள்ளலாம்.

வெயில் இறங்கும்வரை சண்டை நடந்தது. யார் எந்தக் கட்சி என்பது நடுவில் குழம்பிப்போய், ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே ஆளுக்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு லிஃப்ட்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏழரை வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் சொன்னதையெல்லாம் நான் வாபஸ் வாங்கல," என்றார் லிஃப்ட்காரர்.

"இந்த வாரம் சொன்னதை?"

"அதை நான் சொல்லவே இல்ல."

"அது போதும். போயிட்டு வா."

வாசகரே, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கதவு சாத்துவதற்கு முன் உண்மையாக ஒன்று சொல்லுங்கள். ஆக்டோபஸ் ஓர் அடி அடித்து நீங்கள் கேட்டதில்லை. கஞ்சர் அடிக்காமல் விட்ட அடியையும் நீங்கள் கேட்டதில்லை. அப்படி இருந்தும், இதைப் படித்துக்கொண்டே வரும்போது, இவர்தான் பெரியவர் என்று இருவரில் ஒருவரை மனதுக்குள் முடிவு செய்துவிட்டீர்களா இல்லையா? 'ரெண்டு பேருமே பெரியவங்கதான்' என்கிறீர்களா? பொய். சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். மடித்து வைத்த தராசு கையில் தட்டுப்படும். ஒருநாள் நேரம் கிடைக்கும்போது உங்கள் வீட்டம்மாவிடம் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட்காரர் படியிறங்கிப் போனார். முதல் திருப்பத்தில், இரும்புக் கைப்பிடியில் அவருடைய மோதிரம் போட்ட விரல் பேச ஆரம்பித்தது.

தட், தட், தடத்-தட். தட், தட், தடத்…

கடைசி அடியை அடிக்காமலே போய்க்கொண்டிருந்தார். அது நண்பனுக்காக விட்டுவைத்த அடி. ஏழரைக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்க, கதவைப் பிடித்தபடி, அந்த இடைவெளியின் அழகில் மெய்மறந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மறுபடி பிந்தப்போகிறார் மனுஷர்!

சமையலறையிலிருந்து அவள் ஓடி வந்தாள். அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி, எங்கே விழ வேண்டுமோ சரியாக அங்கே, கதவைச் சாத்தினாள்.

தட்!